உணவு விடுதியும் உப்பின் கணக்கும்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சிறு உணவு விடுதிகளில் பட்டியல் என்பது பெரும்பாலும் அச்சிட்ட அட்டையில் இருப்பதன்று. இலையைப் போட்டுத் தண்ணீர் வைப்பதற்குள், புரோட்டா, கல் தோசை, கொத்து, ஆம்லெட் என்று பரிமாறுகிறவர் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற வாய்மொழிச் சாசனமே அங்கே பட்டியல். ஆகவே, விடுதிகள் தம் பண்டங்களின் கலோரிக் கணக்கைப் பட்டியலிலேயே பிரசுரிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் வகுத்த விதி, 2022 ஜூலை முதல் அமலில் இருந்தும், இவற்றின் வாசலை மிதிக்காததில் வியப்பில்லை. மத்திய உரிமம் பெற்றவர்களும், 10 இடங்களிலாவது கிளை வைத்திருப்பவர்களுமே அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

கட்டுப்பட்டாலும் பயன் சொற்பமே. வெள்ளிமலையிலிருந்து பேருந்தேறி வந்து, சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, மலை திரும்புமுன் பசியாற உட்காருகிற பெரியவர் ஒருவருக்குக் கிலோகலோரி எண் எந்த உபகாரமும் செய்யாது. அவர் அறிய வேண்டியது, இந்தப் பண்டத்தில் உப்பு மிகுதி என்ற ஒன்றே. நியூயார்க் நகரம் 2015 டிசம்பரில் அதைத்தான் செய்தது: 2,300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் உள்ள பண்டத்தின் பெயரருகே, முக்கோணத்துக்குள் உப்புக் குடுவைப் படம் போட வேண்டும் என்று, 15 கிளைகளுக்குக் குறையாத விடுதிகளுக்கு ஆணையிட்டது. எழுத்தறியாதவருக்கும் விளங்கும் அடையாளம் அது.

சிறு கடைக்காரர் பரிசோதனைச் சாலைக்கு எங்கே போவார் என்ற ஆட்சேபம் நியாயமானதே. எனினும் அதனினும் பெரிய சங்கடம் சால்னா. புரோட்டாவின் உப்பை நிறுத்துச் சொல்லிவிடலாம். அதைப் பிய்த்துப் போட்ட மாத்திரத்தில், கேளாமலே வாளியிலிருந்து அள்ளி ஊற்றப்பட்டு, வற்ற வற்ற மறுபடியும் ஊற்றப்படுகிற சால்னாவுக்கு விலையுமில்லை, அளவுமில்லை, பட்டியலில் பெயருமில்லை. சாப்பாட்டோடு வரும் ஊறுகாயும் அப்பளமும் அதே ஜாதி. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வரம்பை நாம் மீறுவதில் இந்த இலவச உபசாரத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம். கல்வராயன் மலைச் சாமையை உண்ணுங்கள் என்று உபதேசிப்பது சுலபம். சாமைச் சோறு போடும் விடுதியைப் பேருந்து நிலையத்தருகே தேடிப் பிடிப்பது அத்தனை சுலபமன்று.

ஆதலால், பாரத்தைத் தனித்தனிக் கடையின் தலையில் ஏற்றாமல், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நிர்வாகமே பத்துப் பதினைந்து சாதாரணப் பண்டங்களைப் பல கடைகளில் வாங்கிப் பரிசோதித்து, உப்பு மிகுந்தவற்றுக்கு அடையாளமிட்ட பொதுப் பலகை ஒன்றைத் தமிழில் தயாரித்து, கல்லாவுக்குப் பின்னுள்ள சுவரில் மாட்டச் செய்யலாம். கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி மலைச் சாலையோரம் வடையும் தேநீரும் விற்கிற கொட்டகைக்கு இதிலிருந்து விலக்களிப்பதே முறை. பலகையில் சால்னாவுக்கும் ஓர் இடம் வேண்டும். கேட்டால் மட்டுமே அதை ஊற்றலாம் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிட்டால், மசாலாச் செலவு மிச்சமாவதால் விடுதிக்காரரும் அதைப் பலமாக எதிர்க்கமாட்டார்.