அல்டோவைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு



புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர்கள், தாதியர்கள், கந்தோர்களில் வேலை செய்யும் தம்பிமார், தங்கச்சிமார், இந்தப் பதிவு உங்களுக்கு. மகனுக்குக் கார் பார்த்துத் திரியும் வாப்பாமாருக்கும்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் பாவித்த கார் ஒன்றை எப்படித் தெரிவு செய்கிறோம்? முதலில் நம்பர் பிளேட்டின் எழுத்து. பிறகு நிறம். பிறகு, பக்கத்து வீட்டுக்காரன் என்ன வைத்திருக்கிறான் என்பது. இந்தக் கார் தினமும் எங்கே போய்வரப் போகிறது என்ற கேள்வி பல வீடுகளில் எழும்புவதே இல்லை. "வெகன் ஆர் எடு மனே, ஹைபிரிட், பெற்றோல் குடிக்காது." தீர்ப்பு முடிந்தது. அல்டோ என்று வாயைத் திறந்தால் சிரிப்பு. "என்ன சேர், கோழிக்கூட்டுக்குள்ள ஏறிப் போறீங்க?"

நான் கணக்கு வாத்தியார். ஆகவே கணக்கைப் போடுவோம்.

வீட்டிலிருந்து பாடசாலை 20 கிலோமீற்றர் என்று வையுங்கள். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைப் பக்கம் போகிறவர்களுக்குக் கிட்டத்தட்ட இந்தத் தூரம்தான். போய்வர 40. வருடத்துக்கு 200 நாள் என்றால் 8000 கிலோமீற்றர். அல்டோ 800 லீற்றருக்கு 16 ஓடினால் 500 லீற்றர் பெற்றோல். ஹைபிரிட் லீற்றருக்கு 20 ஓடினால் 400 லீற்றர். மிச்சம் 100 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று போட்டால் வருடத்துக்கு 30,000 ரூபா.

இந்த 30,000 ரூபாவுக்காகத்தான் அந்தப் பேச்செல்லாம். இரண்டு காருக்கும் இடையில் 20 இலட்சம் வித்தியாசம் என்று வைத்தால், அதைப் பெற்றோலில் மீட்க 66 வருடம் வேண்டும். டியூஷன், சந்தை, உம்மா வீடு எல்லாம் சேர்த்து ஓட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். அப்போதும் 33 வருடம். 27 வயதில் வாங்கினால் பென்ஷன் போகும் நாளில் கணக்குச் சரியாகும், கார் அதுவரை உயிரோடு இருந்தால்.

அந்த 20 இலட்சமும் கையில் இருக்கும் காசல்ல என்பதுதான் பெரிய வேதனை. லீசிங். 14 வீதம் என்று வைத்தாலும் முதல் வருட வட்டி மட்டும் இரண்டரை இலட்சத்தைத் தொடும். 30,000 மிச்சம் பிடிக்க இரண்டரை இலட்சம் கட்டுகிறோம்! இதில் வட்டி கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை லீசிங் பேப்பரில் கையெழுத்து வைப்பவர்களும் நாம்தான். பெயரை மாற்றிக் கொடுக்கும் திட்டங்கள் பற்றி உலமாக்களிடம் கேளுங்கள், அது என் பாடமில்லை. ஆனால் எந்தப் பெயரில் கட்டினாலும் தவணை சம்பளத்திலிருந்துதான் போகும். அல்லது பெண் வீட்டாரின் காணியிலிருந்து. "மாப்பிள்ளைக்கு ஒரு கார்" என்று கேட்பவர்கள் எந்தக் காரைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அல்டோவை யாரும் கேட்பதில்லை.

இனி ஹைபிரிட் பற்றி. வெகன் ஆரில் இருப்பது சின்ன மோட்டார். அது எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். நின்று நின்று ஊரும் கொழும்பு நெரிசலில் அதன் பயன் தெரியும். காலை ஆறே முக்காலுக்கு நம் கரையோரப் பாதையில் அந்த அளவுக்கு என்ன நெரிசல்? அக்குவா, பிரியஸ் உண்மையான ஹைபிரிட்தான், நல்ல கார்கள்தான். ஆனால் பத்து வருடம் தாண்டிய ஹைபிரிட் பெட்டரி மீற்றரைப் பார்த்து மட்டும் கிழடாவதில்லை, நாட்களாலும் கிழடாகும். அக்குவாவில் அது பின் சீற்றுக்குக் கீழே, வெகன் ஆரில் முன் பயணி சீற்றுக்குக் கீழே. மார்கழி வெள்ளத்தில் நம் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அல்டோவில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெரிய குறை ஒன்று உண்டு. 2014இல் குளோபல் என்கெப் மோதல் சோதனையில், ஏயார்பேக் இல்லாத அல்டோ 800 வாங்கியது பூச்சியம் நட்சத்திரம். ஆகவே மாதம் இரண்டு முறை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் கொழும்புக்கு ஓடுகிறவர் அதை வாங்க வேண்டாம். அவருக்கு என் பதில் பழைய விட்ஸ், 1000 சீசீ. முன்னால் இரண்டு ஏயார்பேக், எந்த கராஜ் பாஸுக்கும் தெரிந்த எஞ்சின். அதற்கும் "பழைய நம்பர்" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நம்பர் பிளேட் பிரேக் பிடிக்காது.

வாங்கும்போது பொலிஷுக்கு மயங்காமல் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். உப்புக்காற்று ஊர் இது, தரைத் தகடு கரள் பிடித்திருக்கும். சீற் பெல்ட்டை முழுவதும் இழுங்கள், அடியில் சேறு காய்ந்த கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். மீற்றரை நம்பாதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக் பெடலும் தேய்ந்திருப்பதைப் பாருங்கள். "ஓபன் பேப்பர்தான், பிறகு மாத்தலாம்" என்று புரோக்கர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

"சேர், ரீசேல் வெல்யூ?" என்று கொமண்டில் வரும். இப்போதே சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடம் வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்களைப் பார்த்துப் பார்த்து, கார் என்றால் காணி மாதிரி என்று நினைக்கப் பழகிவிட்டோம். கதவு பூட்டியிருந்ததால் ஏறிய விலை அது. இப்போது கதவு திறந்திருக்கிறது. 2022இல் கியூஆர் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான் தந்தார்கள். மேலே போட்ட கணக்கின்படி வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூடம் போய்வர அல்டோவுக்குப் பன்னிரண்டரை லீற்றர் போதும். அந்த நாட்களில் பெற்றோல் ஷெட் வரிசையில் நின்ற யாரும் அல்டோவைப் பார்த்துச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.