ஊசி குத்த ரெண்டு நாள் படிப்பு போதுமாம்!

போன சனிக்கிழமை லண்டன் ஈஸ்ட் ஹாமில் புருவம் திருத்தப் போயிருந்தேன். கடைக் கதவில் புதுசா ஒரு அறிவிப்பு: லிப் ஃபில்லர் போடப்படும். யாரு போடுவாங்கன்னு நூல் பிடிச்ச அக்காவையே கேட்டேன். "நான்தாம்மா. ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கியிருக்கேன்." ஏதாவது ஆச்சுன்னா? "ஒண்ணும் ஆகாது. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

அக்கா மேல எனக்குக் கோபமில்லை. இங்கிலாந்துச் சட்டம் அவரைத் தடுக்கவே இல்லையே! போடாக்ஸை மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. ஆனா அதைக் குத்துறவர் டாக்டராகவோ நர்ஸாகவோ இருக்கணும்னு கட்டாயமில்லை. ஃபில்லருக்கு மருந்துச்சீட்டே வேண்டாம்.

நிற்க. ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் அடைத்துக்கொள்ளும். தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஹயலூரானிக் அமில ஃபில்லர் என்றால் கரைக்க ஹயலூரானிடேஸ் ஊசி இருக்கு. அதுக்கு மட்டும் மருந்துச்சீட்டு கட்டாயம்! அடைப்பை உண்டாக்க யார் வேணா போதும், எடுக்க மட்டும் தகுதி வேணும். என்ன லாஜிக்குங்க இது?

நான் பொட்டி தட்டுறவ. ஒரு ரிப்போர்ட் பக்கத்தில் ஒரு வரி மாத்தணும்னாலும் இன்னொருத்தர் பார்த்து ஓகே சொல்லணும். சொதப்பினால் பழையபடி திருப்பவும் வழி வெச்சிருக்கணும். முகத்துக்கு அது வேண்டாமா?

2013லேயே புரூஸ் கியோ குழு சொல்லியாச்சு: இந்தச் சிகிச்சை எடுக்கிறவருக்கு, பேனாவோ டூத் பிரஷ்ஷோ வாங்குறவரை விட அதிகப் பாதுகாப்பு இல்லைன்னு. 2021 அக்டோபரில் 18 வயசுக்குக் கீழே தடை வந்தது. நல்ல விஷயம். 2022 சட்டம் லைசென்ஸ் முறை கொண்டுவர அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. 2023ல் கருத்துக் கேட்டாங்க. 2025ல் மறுபடி ஒரு அறிவிப்பு. கியோ அறிக்கை வந்தப்போ ஒண்ணாங்கிளாஸ் படிச்ச பொண்ணுக்கு இப்போ 18 ஆகியிருக்கும். தடை அவளுக்கு முடிஞ்சுபோச்சு, லைசென்ஸ்தான் வந்தபாடில்லை.

"சின்னக் கடைக்காரங்க பிழைப்பில் மண் போடறியா?"ன்னு கேட்பீங்க. இல்லீங்க. நூல், மெழுகு, ஃபேஷியல் எல்லாம் நல்லா நடக்கட்டும். ஊசியை மட்டும், போட்டதைச் சரிசெய்யவும் தெரிஞ்சவங்க போடட்டும். இல்லைன்னா அப்படி ஒருத்தர் அதே கடையில் கூட நிற்கட்டும்.

அதுவரைக்கும், உதட்டைக் காட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கரைக்கிற மருந்து இங்கே இருக்கா, அதைப் போட யார் இருக்காங்க?" பதில் இழுத்தால் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க.

டிஸ்கி: அக்கா புருவத்தை அருமையா திருத்தியிருந்தாங்க. அடுத்த மாசமும் போவேன், நூலுக்கு மட்டும் :-)