பெட்டியைப் பார்க்காதீர்கள், முள்ளைப் பாருங்கள்!

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறவளைப் பார்த்து, “கீறல் விழுந்த ரிக்கார்டு மாதிரி பேசாதே” என்று நம் ஆசிரியைகள் கடிந்துகொள்வதுண்டு. வகுப்பே சிரிக்கும். சென்ற வாரம் அப்படிச் சிரித்து முடித்த பிறகு, ரிக்கார்டைக் கண்ணால் கண்டவர்கள் யார் யார் என்று நான் கேட்டேன். நாற்பத்திரண்டு பேரில் மூவர் கை தூக்கினர். அம்மூவரில் ஒருத்தி திரைப்படத்தில் பார்த்தவள்.

ஆயினும் இசைத்தட்டு இறந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டு விற்பனையான இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, குறுந்தகடுகளின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. நம் நாட்டிலும் பழைய திரைப்பாடல்களை மறுபடி தட்டுகளாக அச்சிட்டு விற்கிறார்கள். அவற்றை ஓட்டுவதற்கென்று கைப்பிடி வைத்த சிறு சூட்கேஸ் போன்ற ரிக்கார்டு பிளேயர்கள் சிவப்பிலும் நீலத்திலும் கண்ணைப் பறிக்கின்றன. பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பரிசாக வாங்கிக் கொடுக்கிறார்கள்.

இசைத்தட்டுக்குத் திரும்பலாமா, கூடாதா? வீட்டில் பழைய தட்டுகள் இருந்தால் திரும்பலாம் என்பதே என் கருத்து. ஆனால் பெட்டியின் அழகைப் பார்த்துப் பிளேயர் வாங்கக் கூடாது. நல்லதாக வாங்க இயலாவிடில், இயலும் வரையில் தட்டைத் தொடாமல் வைத்திருப்பதே மேல். இவ்வளவு கண்டிப்பாக ஏன் சொல்லுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

என் அம்மாச்சியின் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. அதில் தாத்தா சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய 34 தட்டுகள் இருக்கின்றன. பதினொன்று கனத்த 78 சுழற்சித் தட்டுகள்; பதினான்கு 45 சுழற்சிச் சிறு தட்டுகள்; ஒன்பது பெரிய எல்.பி. தட்டுகள். தாத்தா காலமானபின் அவருடைய பிளேயர் பழுதாகி, பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டுகள் பேசாமல் கிடந்தன.

இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாமா ஒரு சிவப்புப் பெட்டிப் பிளேயர் வாங்கி வந்தார். அன்று மாலை வீடே தரையில் உட்கார்ந்து கேட்டது. அம்மா அழுதார்கள். அம்மாச்சி அழவில்லை, ஒவ்வொரு தட்டையும் உறையோடு முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அந்த மாலையை எங்களுக்குத் தந்ததற்காக மாமாவுக்கு நான் இன்றும் நன்றி சொல்லுவேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு அவர் என்மேல் வருத்தப்படக் கூடாது.

தட்டுகளில் அம்மாச்சிக்கு மிகவும் வேண்டியது வேளாங்கண்ணி மாதா பாடல்கள் கொண்ட ஒரு சிறு தட்டு. அக்டோபரில் செபமாலை மாதம் முழுவதும், செபமாலை முடிந்ததும் தாத்தா அதைப் போடுவாராம். அந்த வழக்கத்தை நாங்களும் சென்ற ஆண்டு அக்டோபரில் தொடங்கினோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ முள் ஓரிடத்தில் துள்ளிக் குதித்தது. மாமா கையில் கிடைத்த ஒரு ரூபாய் நாணயத்தை முள் இருக்கும் தலைமேல் வைத்தார். துள்ளல் நின்றது. எல்லாரும் மெச்சினோம். மாதக் கடைசியில், பாட்டில் ‘ச’ வருகிற இடமெல்லாம் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் சீறத் தொடங்கியது. முள்ளைக் கழற்றிக்கொண்டு வந்து, ஆசிரியையின் அனுமதியோடு நம் ஆய்வகத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். அதன் நுனி ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த உளியால், அதன்மேல் பாரமும் ஏற்றி, ஒரு மாதம் தட்டைச் செதுக்கியிருக்கிறோம்!

திரைப்பாடல்கள் எல்லாம் கைப்பேசியில் கிடைத்துவிடுகின்றன. இந்தச் சிறு தட்டில் உள்ள பாடல்களை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. “விடு தாயி, தட்டுத்தானே” என்றார்கள் அம்மாச்சி. ஆனால் அதன் பிறகு அதைப் போடச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

இனி, இது ஏன் நடந்தது என்பதைப் பார்ப்போம். ஒரு விடுகதையிலிருந்து தொடங்கலாம். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை வரிகள் உள்ளன? நூறு, ஆயிரம் என்றெல்லாம் தோழியர் சொன்னார்கள். விடை ஒன்று! விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு சுருண்டு போகும் ஒரே பள்ளந்தான் அது. அதன் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளே குரலும் வீணையும் மத்தளமும். முள் அந்த நெளிவுகளின் வழியே அசைந்து போகிறது. அவ்வசைவை கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தட்டு கொஞ்சம் தேய்ந்தே தீரும். முள்ளைப் பொறுத்து அந்தக் கொஞ்சம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அளவாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததுபோலும் இருக்கலாம்.

நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் ஒன்று சுமார் 2 கிராம் பாரத்தோடு ஓடும். அழகுப் பெட்டிகளில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதன் பாரம் 5 கிராம் அளவுக்குப் போகும். மாமா வைத்த நாணயத்தை நம் பௌதிக ஆய்வகத் தராசில் நிறுத்தேன். 3 கிராமுக்கும் மேல் இருந்தது. எங்கள் தட்டு சுமந்த மொத்தப் பாரத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். தாத்தா காலத்துப் பிளேயர்களின் கையும் கனமானதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாத்தா காலாகாலத்தில் முள் மாற்றுவாராம். முள்ளிலும் நீலக்கல் முள், வைர முள் என்று இரண்டு உண்டு. நீலக்கல் சில பத்து மணி நேரத்தில் தேய்ந்துவிடும். வைரம் பல நூறு மணி நேரம் உழைக்கும். மலிவான பெட்டியில் எது இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே கடைக்குப் போகிற பெற்றோர்கள் பெட்டியின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் முள்ளைப் பற்றிக் கேட்க வேண்டும். முள்ளைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா? கையின் பின்புறத்தில் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் எடை இருக்கிறதா? இல்லாவிட்டால், செய்தவர்களே பாரத்தைச் சரியாக நிறுவியிருக்கிறார்களா? ஒலிபெருக்கி அதே பெட்டிக்குள் இருந்தால் வேண்டாம் என்றுவிடலாம். அதன் அதிர்ச்சி பெட்டி வழியாக முள்ளுக்கே திரும்பி வரும். பெல்ட் போட்ட சுழற்சியா, நேரே மோட்டார் சுழற்றுவதா என்று ஆண்பிள்ளைகள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். நேர்ச் சுழற்சிக்குப் பெயர்பெற்ற டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 1972-இல் வந்தது. எனக்கு அந்த வாதத்தில் அக்கறையில்லை. இரண்டிலும் நல்லவை உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தட்டில் வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் நெளிவு அகலமாகி, பக்கத்தில் உள்ள சுற்றின்மேல் இடித்துவிடும். 1954 முதல் இதற்கு ஒரு பொது அளவு ஏற்பட்டது. காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மிக நுண்ணிய மின்சாரத்தைப் பெருக்கி, இந்தக் கூட்டல் குறைத்தலையும் நேர்செய்ய ‘போனோ’ என்ற பகுதி ஒன்று தேவை. சில பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கும். இல்லாததை நேரே தொலைக்காட்சியின் ஸ்பீக்கரில் மாட்டினால், பெரிய வித்துவானும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கும். இதையும் மாமா எங்களுக்குச் செய்து காட்டியிருக்கிறார்.

78 சுழற்சித் தட்டுகள் வேறு சாதி. அவை அரக்கால் செய்தவை. அரக்குப் பூச்சி தரும் அதே அரக்குத்தான். நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் நிறையக் கிடைக்கிறது. 1908-இலேயே கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்துவிட்டது. இத்தட்டுகளின் பள்ளம் அகலமானது. 1948-இல் வந்த எல்.பி. தட்டின் முள் நுனி மில்லிமீட்டரில் 0.018 என்றால், 78-க்கு 0.076 வேண்டும், நான்கு மடங்கு. எல்.பி. முள்ளை இதில் வைத்தால் அது சுவரைத் தொடாமல் அடிமண்ணில் உருண்டுகொண்டு போகும். அழகுப் பெட்டிகளில் 78 என்று எண் போட்டிருக்கும், முள் ஒன்றே இருக்கும். எண்ணைக் கண்டு ஏமாறக் கூடாது.

அரக்குத் தட்டு ஒன்றில் தூசி அடர்ந்திருக்கிறதென்று மாமா கைக்குப் போடும் சானிடைசரால் துடைத்தார். பளபளப்பு பஞ்சோடு வந்துவிட்டது! தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான். வேதியியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்றார்கள். எங்களுக்கு ஒரு தட்டு போயிற்று.

“இவ்வளவு பாடு எதற்கு? பாட்டெல்லாம் கைப்பேசியில் இலவசமாக வருகிறதே” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. இசைத்தட்டின் ஒலிதான் உயர்ந்தது என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறுந்தகட்டில் கரகரப்பு கிடையாது. தட்டிலோ முள் நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைவதால், பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் கரடுமுரடாகவே ஒலிக்கும். ஆகவே தட்டே இல்லாத வீட்டில், நாகரிகத்துக்காகப் பிளேயரும் வாங்கி, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுத் தட்டுகளும் வாங்குவது வீண் செலவென்றே எனக்குப் படுகிறது. எங்கள் சிஸ்டர் ஒருவர் இதை ஆடம்பரம் என்றார்கள். அத்தகைய வீட்டைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. ஆனால் டிரங்குப் பெட்டியில் ஏற்கெனவே தட்டு இருக்கும் வீட்டுக்கு அந்தச் சொல் பொருந்தாது. அங்கே இருப்பது வேறெங்கும் கிடைக்காத குரலாக இருக்கலாம். எது அப்படிப்பட்டது என்று போட்டுப் பார்க்கும் வரை தெரியாது; தவறான முள்ளால் போட்டுப் பார்த்தால் தெரியும்போதே கெட்டுவிடும்.

இவ்வாண்டு மாமா மதுரையில், 1980-களில் ஜப்பானில் செய்த கனமான பிளேயர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பெல்ட் இற்றுப் போயிருந்தது, மாற்றினோம். புது வைர முள் போட்டு, நகைக்கடைத் தராசுபோன்ற ஒரு சிறு கருவியால் பாரத்தை 2 கிராமுக்கு நிறுத்தினோம். செலவு சிவப்புப் பெட்டியைப் போல மூன்று மடங்கு ஆயிற்று. எல்.பி. தட்டுகள் நன்றாகப் பாடுகின்றன. 78-க்கான அகன்ற முள் இன்னும் வரவில்லை. மிஞ்சிய பத்துத் தட்டுகளையும் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்திருக்கிறோம்.

வேளாங்கண்ணித் தட்டைப் புது முள்ளில் போட்டுப் பார்த்தோம். சீறல் போகவில்லை. ஆகவே இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமார்க்கும் ஒரு விண்ணப்பம். நீல நிற உறை, அதன்மேல் வேளாங்கண்ணிப் பேராலயத்தின் படம், 45 சுழற்சி, பக்கத்துக்கு இரண்டு பாடல்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பள்ளியில் சொல்லி அனுப்புங்கள். கடனாகத் தந்தால் போதும். ஒரே ஒருமுறை ஓட்டி, கணினியில் பதிவு செய்துகொண்டு, மறுநாளே திருப்பித் தந்துவிடுவோம். நாணயம் வைக்க மாட்டோம். துடைக்கும் வேலையை மாமாவிடம் கொடுக்கவும் மாட்டோம்.