காப்புரிமை உரிமமும் ஒரு குத்தகைதான்

கேள்வி: ஆம்பூர் பக்கத்து விவசாயி ஒருவரின் மகன் சிறு தோல் பதனிடும் ஆலை தொடங்குகிறார். காப்புரிமை பெற்ற முறைக்கு உரிமம் வாங்க, ஒரு ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்கலாமா?

பதில்: உரிமம் என்பது நிலக் குத்தகை போன்றது. சொத்து உரியவருடையது, கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம்.

நன்மை: ஆராய்ச்சிச் செலவு மிச்சம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தண்ணீரில்லா குரோம் பதனிடும் முறையில் குரோமியம் 15 முதல் 20 சதவீதம் குறைவாகவே செலவாகும். பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கும் நல்லது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில்தான்.

பாதகம்: தனி உரிமம் இல்லையென்றால் பக்கத்து ஆலைக்கும் அதே முறை கிடைக்கும். இயந்திரம், ரசாயனம், கூலி எல்லாம் தனிச் செலவு.

காப்புரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பிறகு யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். எனவே மீதி எத்தனை ஆண்டு, விற்பனை இல்லாத ஆண்டிலும் கட்டணம் உண்டா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்க வேண்டும். அதுவரை நிலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.