முதலில் கால் ஊன்றுங்கள்

கேமரா வாங்கப் போனால் பை, மெமரி கார்டு, ட்ரைபாட் எல்லாம் சேர்த்து ஒரு காம்போ விலை சொல்வார்கள். அந்த ட்ரைபாட் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கான பணத்தைக் கழித்துக் கொடுத்தால் நல்லது. கழிக்காவிட்டாலும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நீலகிரியில் படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குன்னூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ, இதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் கோத்தகிரிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய பழைய கேமரா ஒன்று கையில் இருக்கும். "அக்கா, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. லென்ஸ் இருக்கட்டும், முதலில் உருப்படியான ட்ரைபாட் ஒன்று வாங்கு என்றால் முகம் வாடிவிடுகிறது. காசைக் கொண்டுபோய் மூன்று கம்பியில் போடுவதா என்று நினைக்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் அப்படி நினைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர் வெளிச்சத்தை யோசித்துப் பாருங்கள். நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர், ஜனவரியில் உறைபனி. தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது சூரியன் எட்டிப் பார்ப்பதற்கு முன்புதான். வெயில் பட்டால் கொஞ்ச நேரத்தில் உருகிவிடும். அந்த அரையிருட்டில் புல் நுனியில் நிற்கும் பனிப்பொடி தெளிவாக விழ வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8 என்று வைக்க வேண்டும். ஷட்டர் ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ திறந்திருக்கும். குளிரில் நடுங்கும் கையில் அது நடக்கிற காரியமா? ஐஎஸ்ஓவை ஏற்றிக் கையிலேயே எடுக்கலாம்தான். ஆனால் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஏறி, எதைப் படமெடுக்க அந்தக் குளிரில் எழுந்து போனோமோ அந்தப் பனிப்பொடியே அதில் கரைந்துவிடும். சோலைக்காட்டுக்குள் போனால் நண்பகலிலும் இதே கதைதான்.

போனில் நைட் மோட் இருக்கிறதே என்பார்கள். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வேலை அது. அசையாத பாறைக்கும் கட்டடத்துக்கும் நன்றாகவே வரும். கேத்தி பள்ளத்தாக்கில் மிஸ்ட் நகர்ந்துகொண்டே இருக்கும்போது அந்த அடுக்கு குழம்பிப் போகிறது. அந்தப் போனையே ஒரு ட்ரைபாடில் மாட்டி எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இந்த மலையில் ட்ரைபாட் இல்லாமல் படமே இல்லை என்றிருந்த காலமும் உண்டு. சாமுவேல் போர்ன் 1860களின் கடைசியில் இங்கே வந்து படமெடுத்தார். ஏ. டி. டபிள்யூ. பென் ஊட்டியிலேயே தங்கி ஸ்டுடியோ நடத்தி, மலையையும் தோடர் குடியிருப்புகளான மந்துகளையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பதிவு செய்தார். அவர்கள் தொடங்கிய நாளில் ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, பக்கத்திலேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவியும் முடிக்க வேண்டும். ஒரு படத்துக்குப் பல விநாடிகள் ஆகும். பெட்டி கேமராவை மரக்கால்களில் நிறுத்தித்தான் எடுத்தார்கள். இன்றைக்கும் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் மந்தின் கூரை வேய்ந்த புல்வரை தெரிகிறது. கால்கள் அசையவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

என் அப்பா ஊட்டி இந்து நகர் எச்.பி.எஃப்.பில் வேலை பார்த்தவர். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயின. அந்த ஃபிலிம் போட்ட கேமராவில் படத்துக்குப் படம் ஐஎஸ்ஓ மாற்ற முடியாது. ரோல் என்ன வேகமோ அதற்குள்தான் எடுத்தாக வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை மெதுவாக்கிக் கேமராவைக் கீழே ஊன்ற வேண்டியதுதான். அப்பாவின் ட்ரைபாட் என்னைவிட மூத்தது. இரும்பு மாதிரி கனக்கும். இன்னமும் ஸ்டுடியோவில் அதைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முதலில் கால்களைப் பாருங்கள். மலிவான ட்ரைபாடில் மூன்று கால்களையும் நடுத்தண்டோடு சின்னச் சின்னக் கம்பிகளால் இணைத்திருப்பார்கள். ஒரு காலை விரித்தால் மூன்றும் ஒரே கோணத்தில் விரியும். சமதரையில் அது சரி. தேயிலைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்துங்கள், நிற்காது. செடி வரிசைக்கு நடுவே ஒரு கால் மேட்டுப் பக்கம் ஏறக்குறையப் படுத்த மாதிரி விரிய வேண்டும், மற்ற இரண்டும் பள்ளத்தின் பக்கம் நீண்டு ஊன்ற வேண்டும். ஒவ்வொரு காலும் தனித்தனியாக, தனிக்கோணத்தில் விரிகிற ட்ரைபாடால்தான் அது முடியும். நீலகிரிக்காரர் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். காம்போ ட்ரைபாடை நான் மறுப்பதும் இதனால்தான்.

அடுத்தது நடுத்தண்டு. உயரம் போதவில்லை என்று அதை மேலே தூக்கினால், மூன்று கால்களில் நின்ற கேமரா ஒற்றைக் குச்சியின் உச்சிக்குப் போய்விடுகிறது. லேம்ஸ் ராக் மாதிரி காற்று சுழற்றி அடிக்கிற இடத்தில் படம் முழுக்க ஷேக்தான். தண்டைத் தூக்காமலே கேமரா உங்கள் நெஞ்சு உயரத்துக்கு மேல் வருகிறதா என்று கடையில் நின்றே பாருங்கள். எல்லாப் பகுதிகளையும் முழுக்க நீட்டி, உங்கள் கேமராவை மாட்டி, ஒரு காலை விரலால் தட்டுங்கள். ஆட்டம் சட்டென்று அடங்க வேண்டும். மேலே கைவைத்து உடம்பின் கனத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். ஏதாவது ஒரு லாக் வழுக்கி இறங்கினால் அந்த ட்ரைபாட் வேண்டாம். அடிப்பகுதிக் கால் சுண்டு விரலைவிட மெல்லிசாக இருந்தாலும் வேண்டாம். மடக்கினால் குட்டையாக இருக்கட்டும் என்று ஐந்து பகுதிகளாகச் செய்ததைவிட மூன்று, நான்கு பகுதிகள் உள்ளது உறுதியாக நிற்கும்.

பெட்டியில் 8 கிலோ தாங்கும், 10 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதை அளக்க எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான முறை கிடையாது. கேமரா, லென்ஸ் எடையைப் போல மூன்று மடங்காவது எழுதியிருக்கட்டும். அதற்கு மேல் அந்த எண்ணை நம்ப வேண்டாம், கை வைத்துப் பார்த்ததை நம்புங்கள்.

லாக்கில் இரண்டு வகை. திருகுகிறது ஒன்று, கிளிப் மாதிரி மடக்குகிறது இன்னொன்று. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கிளிப்பையே சொல்வேன். விரல் விறைத்துப்போன விடியலில், கையுறையோடு, இருட்டில் தடவியே திறக்கலாம், மூடியிருக்கிறதா என்பதும் தொட்டாலே தெரியும். மேலே மாட்டும் தலைக்கு பால் ஹெட் போதும். ஒரே திருகில் எல்லாப் பக்கமும் திரும்பி நிற்கும். கேமராவின் அடியில் மாட்டும் பிளேட் ஆர்க்கா ஸ்விஸ் வகையாக இருந்தால், நாளைக்கு வேறு ட்ரைபாட் வாங்கினாலும் உதவும்.

கார்பன் ஃபைபர் வாங்கட்டுமா என்று கேட்கிறார்கள். எடை குறைவு, குளிரில் தொட்டால் அலுமினியம் மாதிரி சுள்ளென்று இருக்காது. நல்ல பொருள்தான், ஆனால் விலை அதிகம். முதல் ட்ரைபாடுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வரை எடையுள்ள அலுமினியமே நிறைவு. குளிருக்கு, மேல் கால்களில் சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் போடும் ஸ்பாஞ்சைச் சுற்றிக்கொள்ளலாம். 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாய்க்குள் உருப்படியானது கிடைக்கும். இல்லையா, செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள். லென்ஸ் போல இதில் பூஞ்சை பிடிக்க எதுவும் இல்லை. லாக்கும் திருகும் ஒழுங்காக இருந்தால் பத்து வருஷப் பழையதும் நன்றாக உழைக்கும்.

காற்றுக்கு நடுத்தண்டின் கொக்கியில் கனம் தொங்கவிடுவார்கள். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், துணிப்பை ஒன்று போதும். அங்கேயே நாலு கல்லைப் போட்டுத் தொங்கவிட்டு, கிளம்பும்போது கல்லைப் போட்டுவிட்டு வரலாம். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே கேமராவை ஆட்டும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் வையுங்கள்.

டால்பின் நோஸ் மாதிரி இடங்களில் கைப்பிடிக் கம்பியோரம் மூன்று காலையும் விரித்து வழியை அடைக்காதீர்கள். தண்டவாளத்தில் நிறுத்தவே கூடாது. எஸ்டேட்டுக்குள் போவதானால் அனுமதி கேட்டுப் போங்கள், விடியலில் தனியாகப் போகாதீர்கள். தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமை மிஸ்டில் பத்தடியில்கூடத் தெரியாது. கண்ணைத் திரையில் வைத்து நிற்பவருக்கு அது இன்னும் ஆபத்து.

அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்று உண்டு. ட்ரைபாடைக் கண்டாலே சினிமா ஷூட்டிங் என்று நினைத்துத் தடுக்கும் பழக்கம் நாடெங்கும் இருக்கிறது. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். பழங்காலத் தரைக்கு அந்தக் கவனம் தேவைதான். மலையில் இருக்கும் பூங்காக்களுக்கும் காட்சிமுனைகளுக்கும் அந்தக் கெடுபிடி எதற்கு? என்னிடம் வரும் மாணவி ஒருத்தியை ஒரு பூங்கா வாசலில், ட்ரைபாட் வைத்திருந்தாள் என்பதற்காகவே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தேயிலை பறிக்கும் அம்மாவின் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ட்ரைபாட் அது. வெளியூர்க் கூட்டம் வருவதற்கு முன், காலையில் ஒரு மணி நேரம், பள்ளி, கல்லூரி அடையாள அட்டை காட்டும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ட்ரைபாடோடு அனுமதி கொடுங்கள். கட்டணம் வேண்டாம். புல்தரையில் நிறுத்தக் கூடாது என்றால் பாதையோரம் ஓர் இடத்தைக் காட்டுங்கள், அங்கே நின்று எடுத்துக்கொள்வார்கள். இந்த உறைபனிக் காலத்திலேயே இதைத் தொடங்கலாம்.