94 சதவீதம் வந்தால் சந்தேகப்படுங்கள்



கணினி ஒரு விடையைத் தந்தால், அது அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றில் தென்காசி, சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு நல்ல காற்றாலையும் தன் மேல் வரும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் வெளியிட்ட கணக்கு இது. முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். பின்னால் வரும் காற்று எங்கே போகும்?

விமானத்தின் ப்ரொப்பல்லருக்கும் இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. ஆனால் அது ஒரே எண் அல்ல. விட்டம், வேகம், உந்துவிசை ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகன் பொறியியல் இறுதியாண்டுக்குச் சிறு விமானம் செய்கிறான். இலவச மென்பொருளில் ப்ரொப்பல்லர் வடிவமைத்தானாம். "தாத்தா, 94 சதவீதம் பயனுறுதிறன் வந்திருக்கு, அச்சு செய்யப் பணம் கட்டப் போறேன்" என்றான். விட்டம் 25 செ.மீ., வேகம் வினாடிக்கு 15 மீட்டர், உந்துவிசை 5 நியூட்டன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். ப்ரொப்பல்லர் சுற்றும் வட்டத்தின் பரப்பு 0.049 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி 1.2. அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தாலும் பரப்பாலும் பெருக்கினால் சுமார் 6.6. உந்துவிசை 5-ஐ இதால் வகுத்தால் ஏறக்குறைய 0.75. அதோடு 1 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.32. மறுபடி 1 கூட்டினால் 2.32. 2-ஐ இதால் வகுத்தால் 0.86.

உராய்வே இல்லாத கற்பனை ப்ரொப்பல்லருக்கே 86 சதவீதம்தான். அப்படியானால் 94 எங்கிருந்து வந்தது?

தேட வேண்டிய இடங்கள் சில. மணிக்கு கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டர் என்று கொடுத்தோமா? ஆரம் கேட்ட இடத்தில் விட்டத்தைப் போட்டோமா? இறக்கையின் இழுவிசை பூஜ்யமாக விடப்பட்டிருக்கிறதா? பெரிய விமான இறக்கையின் அட்டவணையை இரண்டு விரல் அகல இறக்கைக்குப் பயன்படுத்தினோமா? சிறிய இறக்கையில் காற்றின் ஒட்டும் தன்மை அதிகமாக உறைக்கும், இழுவிசை கூடும். நுனியில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தோமா?

இது வெறும் மதிப்பெண் விஷயம் அல்ல. 5 நியூட்டன், 15 மீட்டர் என்றால் பயன்படும் திறன் 75 வாட். 94 சதவீதத்தை நம்பினால் மோட்டார் 80 வாட் கொடுத்தால் போதும். உண்மையில் 65 சதவீதம்தான் என்றால் 115 வாட் வேண்டும். 20 நிமிடம் தாங்கும் என்று நினைத்த பேட்டரி 14 நிமிடத்தில் தீரும். கீழே ஆள் நிற்கும்போது விமானம் இறங்கினால்?

மென்பொருளைக் குறை சொல்லமாட்டேன். கொடுத்ததற்குத்தான் அது விடை சொல்கிறது. கல்லூரிகளில் பாடம் நடத்தும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கணினித் திரையின் படத்தை மட்டும் ஒட்டிய அறிக்கையை ஏற்காதீர்கள். பக்கத்தில் கையால் போட்ட உச்சவரம்புக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

தம்பி இன்னும் பணம் கட்டவில்லை. எந்த இடத்தில் தவறு என்று தேடிக்கொண்டிருக்கிறான். உங்களில் யாருக்காவது இதில் அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், அவனிடம் காட்டுகிறேன்.