மணி ஐயரின் கடைசி மனு

தாகூர் சர் பட்டத்தைத் துறந்தது 1919இல். பலரும் அறிந்த செய்தி இது. அதற்கு ஓராண்டு முன்னரே மதுரை மாவட்டத்தில் பிறந்த ஒருவர் தம் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். மணி ஐயர் என்று அழைக்கப்பெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர் (1842–1924) அவர்.

வாழ்நாளெல்லாம் ஆங்கில ஆட்சியின் நிழலில் இருந்தவர் முதுமையில் திடீரென விழித்துக்கொண்டார் என்று இதற்கு விளக்கம் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1869இல் மதுரையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார், நகராட்சியிலும் பணியாற்றினார். 1884இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு பம்பாயில் 72 பேர் கூடிய முதல் காங்கிரசில், சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இடம்பெற வேண்டும் என்ற தீர்மானத்தை வழிமொழிந்தார். 1895 முதல் 1907 வரை உயர் நீதிமன்ற நீதிபதி.

பின்வந்த தலைமுறை இத்தகையோரை 'மனுப் போடுகிறவர்கள்' என்று எள்ளியது. அந்த மனுக்கள் பேசிய 'மக்கள்' யார் என்ற வினா நியாயமானதே. உழுதவர்க்கும் ஒடுக்கப்பட்டவர்க்கும் அந்த அவைகளில் இடம் இருக்கவில்லை. ஆயினும் மனு என்பது பிச்சை அன்று. ஆள்வோர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை எழுத்தில் பதிவு செய்யும் செயல் அது.

1917 ஜூனில் சென்னை அரசு அன்னி பெசன்டைக் காவலில் வைத்தது. ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவராக இருந்த மணி ஐயர், ஜூன் 24 அன்று அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். ஜனநாயகத்தின் பெயரால் போரில் இறங்கிய வில்சனிடம், இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று வாதிட்டார். அப்போது அவருக்கு வயது 74. மறு ஆண்டு இந்திய அமைச்சர் மாண்டேகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அக்கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பட்டங்கள் திரும்பிச் சென்றன.

இதே மதுரையில் வழக்குரைத்த கண்ணகிக்குத் தவறை உணரும் மன்னன் வாய்த்தான். மணி ஐயருக்கு வாய்க்கவில்லை; ஆகவே வேறொரு வாசலுக்குச் சென்றார். மாறியது வாசல்தான், மனு அன்று. நீதிமன்றமே எதிர்க்கட்சியாகிவிட்டால் அடுத்த மன்றத்தை நாடுவது வக்கீலின் இயல்பு.

சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மாளிகை வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. மதுரைக் கல்லூரிகள் சிலை வைக்க வேண்டியதில்லை. அக்கடிதத்தை ஒரு வகுப்பு நேரம் படித்து விவாதித்தால் போதும். ஆட்சியாளரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பது தமிழ் மாணவருக்கும் தேவையான பாடமே.